இரண்டு மானிட்டர் வாங்கும் முன் போர்ட்டைப் பாருங்கள்: வீட்டு அலுவலகத்துக்கு ஒரு செய்முறை

கோலாலம்பூர் செந்தூலில் எங்கள் அடுக்குமாடி வீட்டின் பின்னறைதான் என் அலுவலகம். ஒரு புடவைக் கடை, இரண்டு வாழையிலை உணவகங்கள், ஒரு மளிகை மொத்த வியாபாரம் என்று சின்னச் சின்ன வியாபாரங்களுக்குக் கணக்கு எழுதித் தருகிறேன். 2024 ஆகஸ்ட்டில் பெரிய நிறுவனங்களோடு தொடங்கிய இ-இன்வாய்ஸ் (வரித்துறைக்கு மின்வழி அனுப்பும் விலைப்பட்டியல்) படிப்படியாக என் வாடிக்கையாளர் வரைக்கும் வந்தபோதுதான், 14 அங்குல லேப்டாப் திரை போதவில்லை என்று புரிந்தது. வங்கி அறிக்கை ஒரு சன்னலில், கணக்கு மென்பொருள் ஒன்றில், வரித்துறையின் மைஇன்வாய்ஸ் தளம் இன்னொன்றில். ஒரு தொகையைப் பார்த்து, மனத்தில் வைத்து, அடுத்த சன்னலில் தட்டுவதற்குள் இரண்டு எண்கள் இடம் மாறிவிடும்.

இரண்டு 24 அங்குல மானிட்டர் வாங்கினேன். அரை நாளில் முடிய வேண்டிய வேலை எனக்கு நான்கு நாள் இழுத்தது. அதில் மூன்றரை நாள் ஒரே ஒரு விஷயத்தில் போனது. அதனால் அதையே முதல் படியாக, கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

1. கடைக்குப் போகும் முன் போர்ட்டைப் பாருங்கள்

போர்ட் என்பது கணினியில் கேபிள் சொருகும் ஓட்டை. என் லேப்டாப்பில் ஒரு எச்டிஎம்ஐ, ஒரு யூஎஸ்பி-சி, இரண்டு சாதாரண யூஎஸ்பி. எச்டிஎம்ஐயில் முதல் மானிட்டர் உடனே வந்துவிட்டது. இரண்டாவதற்கு ஒரு எச்டிஎம்ஐ ஸ்பிளிட்டர் வாங்கினேன். இரண்டு திரையிலும் ஒரே படம். எந்த அமைப்பை மாற்றினாலும் அதேதான். ஸ்பிளிட்டரின் வேலையே நகல் எடுப்பதுதான் என்று அப்போது எனக்குத் தெரியாது. ஒரு எச்டிஎம்ஐ போர்ட்டிலிருந்து ஒரு படம்தான் வெளியே வரும். ஸ்பிளிட்டர் அதை இரண்டாகக் காட்டும், வேறு வேறாகப் பிரிக்காது. கடையில் டிவி மாட்ட அது உதவும், நமக்கு உதவாது.

சரி என்று யூஎஸ்பி-சியிலிருந்து எச்டிஎம்ஐக்குப் போகும் கேபிள் வாங்கினேன். 'சிக்னல் இல்லை' என்று வந்தது. கேபிளை மாற்றினேன், அப்போதும் இல்லை. மானிட்டரில்தான் கோளாறு என்று நினைத்து, அதைப் பெட்டியோடு தூக்கிக்கொண்டு எல்ஆர்டியில் ஹங் துவா போய், மோனோரயில் மாறி இம்பியில் இறங்கி, கணினிக் கடைகள் நிறைந்த லோ யாட் பிளாசாவில் வாங்கிய கடைக்கே போனேன். அவர்கள் கணினியில் மாட்டியதும் பளிச்சென்று படம் வந்தது.

வீடு திரும்பியபோது தம்பி மகன் வந்திருந்தான். லேப்டாப்பைத் திருப்பி, கைப்பேசி வெளிச்சத்தில் அந்த ஓட்டையைப் பார்த்தான். "அத்தை, இது பக்கத்துல மின்னல் குறியும் இல்ல, டி (D) மாதிரி குறியும் இல்ல. இது டேட்டாவுக்கு மட்டும்தான். இதுல படம் வராது" என்றான்.

இதுதான் விஷயம். யூஎஸ்பி-சி என்பது ஓட்டையின் வடிவத்துக்குப் பெயர். அதன் உள்ளே என்ன ஓடுகிறது என்பது கணினிக்குக் கணினி மாறும். பக்கத்தில் மின்னல் குறி இருந்தால் தண்டர்போல்ட், படம் வரும். எச்டிஎம்ஐ போலவே படம் அனுப்பும் இன்னொரு முறையான டிஸ்பிளேபோர்ட்டின் டி (D) எழுத்துக் குறி இருந்தாலும் வரும். யூஎஸ்பியின் சூலக் குறி மட்டும் இருந்தால் பெரும்பாலும் வராது. சில தயாரிப்பாளர்கள் குறியே போடுவதில்லை. அப்போது கணினியின் அடியில் இருக்கும் மாடல் எண்ணைத் தேடி, அதன் விவரப் பக்கத்தில் 'டிஸ்பிளேபோர்ட் ஆல்ட் மோட்' (DisplayPort Alt Mode) என்ற சொற்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். இந்த ஐந்து நிமிடத்தை மட்டும் தயவுசெய்து தவிர்க்காதீர்கள்.

படம் வராத போர்ட்தான் இருக்கிறது என்றாலும் வழி உண்டு. டிஸ்பிளேலிங்க் (DisplayLink) சிப் உள்ள அடாப்டர் வாங்குங்கள். அது சாதாரண யூஎஸ்பி 3 போர்ட்டிலேயே வேலை செய்யும். அதற்குரிய டிரைவரை நிறுவ வேண்டும். படத்தைச் சுருக்கி அனுப்பும் வேலையைக் கணினியின் செயலியே செய்வதால் வீடியோ தொகுப்புக்கும் விளையாட்டுக்கும் அது சரிவராது. கணக்கு, கடிதம், இணையப் பக்கம் ஆகியவற்றுக்குத் தாராளமாகப் போதும். இன்றுவரை என் இரண்டாவது மானிட்டர் அதில்தான் ஓடுகிறது.

2. மானிட்டர் தேர்வு

இதில் எனக்குத் தீர்மானமான கருத்து உண்டு: ஒரே மாடலில் இரண்டு வாங்குங்கள். வேறு வேறு அளவு, வேறு வேறு நிறம் என்றால் நாள் முழுக்கக் கண் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் பழகிக்கொண்டே இருக்கும். 24 அங்குலத்துக்கு 1920×1080 புள்ளிகள் போதும். 27 அங்குலம் வேண்டுமென்றால் 2560×1440க்குக் குறையாதீர்கள். 1080 என்றால் எழுத்து பிசிறடித்துத் தெரியும், தமிழ் எழுத்தின் சுழிகளில் அது நன்றாகவே தெரிகிறது.

மேசையையும் அளந்துகொள்ளுங்கள். 24 அங்குல மானிட்டர் ஒன்றின் அகலம் ஏறத்தாழ 54 சென்டிமீட்டர். 120 சென்டிமீட்டர் மேசையில் இரண்டு உட்காரும். 27 அங்குலம் இரண்டு என்றால் அந்த மேசை போதாது.

ஐபிஎஸ் பேனல் (பக்கவாட்டில் பார்த்தாலும் நிறம் அதிகம் மாறாத திரை வகை) என்று கேட்டு வாங்குங்கள். நான் ஒரு மானிட்டரை நெட்டுக்குத்தாக நிறுத்தியிருக்கிறேன், வங்கி அறிக்கையின் ஏ4 பக்கம் முழுதாக ஒரே பார்வையில் தெரியும். ஐபிஎஸ் இல்லாத மலிவான டிஎன் பேனலை அப்படித் திருப்பினால் ஒரு பக்கத்திலிருந்து பார்க்கும்போது நிறம் வெளுத்துவிடும்.

3. மானிட்டரை ஆர்மில் மாட்டுவது

மானிட்டரோடு வரும் கால்கள் மேசையில் பாதியை அடைத்துக்கொள்ளும். அதனால் மேசை விளிம்பில் இறுக்கும் மானிட்டர் ஆர்ம் (மானிட்டரைத் தாங்கும் கை) வாங்கினேன். மானிட்டரின் முதுகில் நான்கு திருகு ஓட்டைகள் இருக்க வேண்டும். அவற்றின் இடைவெளி பெரும்பாலும் 100×100 மில்லிமீட்டர், சிலவற்றில் 75×75. அந்த ஓட்டையே இல்லாத மானிட்டர்களும் விற்பனைக்கு இருக்கின்றன, பார்த்து வாங்குங்கள்.

இரண்டு எச்சரிக்கைகள். நம் வீடுகளில் இருப்பது பெரும்பாலும் மரத்தூள் பலகை மேசை. இந்த ஈரக் காற்றில் அது உள்ளே ஊறிப் பலம் இழந்திருக்கும். கிளாம்பை நேரே இறுக்கினால் பலகை நசுங்கும். மேலும் கீழும் ஒரு ஒட்டுப்பலகைத் துண்டு வைத்து இறுக்குங்கள். கண்ணாடி மேசையில் மாட்டவே வேண்டாம். அடுத்தது, கேஸ் ஸ்பிரிங் (வாயு அழுத்தத்தில் இயங்கும் ஸ்பிரிங்) உள்ள ஆர்ம் என்றால் மானிட்டர் மாட்டுவதற்கு முன் அது மேல்நோக்கி வேகமாக எழும். முகத்தை அதன் மேலே வைத்துக்கொண்டு வேலை செய்யாதீர்கள். மானிட்டரை மாட்டிய பிறகு, விட்ட இடத்தில் நிற்கும்வரை அறுகோணச் சாவியால் இறுக்கத்தைச் சரிசெய்ய வேண்டும்.

திரையின் மேல் விளிம்பு கண் மட்டத்துக்கு நேராக, அல்லது சற்றுக் கீழே இருக்கட்டும். தூரம் கை நீளம். சன்னல் முதுகுக்குப் பின்னாலும் வேண்டாம், திரைக்குப் பின்னாலும் வேண்டாம். பக்கவாட்டில் இருந்தால் கண் கூசாது.

4. மின்சாரம்

இரண்டு, மூன்று மானிட்டர் மாட்டினால் பிளக் தாங்குமா என்று பலர் பயப்படுகிறார்கள். 24 அங்குல எல்இடி மானிட்டர் ஒன்று 20, 30 வாட்தான் இழுக்கும். 13 ஆம்ப் பிளக் கிட்டத்தட்ட 3,000 வாட் தாங்கும். பயப்பட வேண்டியது மின்னலுக்கு. கோலாலம்பூரில் மாலை நேர இடியைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. மலேசியத் தரச்சான்றான சிரிம் முத்திரை உள்ள, மின்னெழுச்சித் தடுப்பு கொண்ட எக்ஸ்டென்ஷன் வாங்குங்கள். வானம் கறுத்தால் பிளக்கையே பிடுங்கிவிடுங்கள், சுவிட்ச்சை அணைத்தால் மட்டும் போதாது.

5. விண்டோஸில் அமைப்பது

விண்டோஸ் விசையோடு பி (P) எழுத்தை அழுத்துங்கள். 'டூப்ளிகேட்' என்றால் ஒரே படம். 'எக்ஸ்டெண்ட்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். அப்புறம் செட்டிங்ஸில் சிஸ்டம், அதில் டிஸ்பிளே. 1, 2, 3 என்று கட்டங்கள் தெரியும். 'ஐடென்டிஃபை' அழுத்தினால் எந்த எண் எந்தத் திரை என்று காட்டும். மேசையில் எப்படி நிற்கிறதோ அப்படியே கட்டங்களை இழுத்து வையுங்கள். உயரத்தையும் ஒத்து வையுங்கள், இல்லையென்றால் சுட்டி ஓரத்தில் முட்டி நிற்கும். நெட்டுக்குத்துத் திரைக்கு 'போர்ட்ரெய்ட்'. எதை அதிகம் பார்ப்பீர்களோ அதை முதன்மைத் திரையாக வையுங்கள்.

சுட்டி தத்தித் தத்திப் போகிறதா? 'அட்வான்ஸ்ட் டிஸ்பிளே'யில் புதுப்பிப்பு வேகம் 60 ஹெர்ட்ஸ் என்று இருக்கிறதா பாருங்கள். 4கே (3840×2160 புள்ளிகள்) மானிட்டரைப் பழைய எச்டிஎம்ஐ 1.4 போர்ட்டில் மாட்டினால் 30தான் வரும். 60 வேண்டுமென்றால் எச்டிஎம்ஐ 2.0, அல்லது டிஸ்பிளேபோர்ட் 1.2 வேண்டும்.

நான் ஒரு நாளில் நூறு தடவை பயன்படுத்தும் விசை இது: விண்டோஸ், ஷிஃப்ட், இடது அல்லது வலது அம்பு. திறந்திருக்கும் சன்னல் அப்படியே அடுத்த திரைக்குத் தாவும்.

பின்சேர்க்கை: பூச்சோங்கிலிருந்து ஒரு வாசகி எழுதியிருந்தார், மேக்புக் ஏரில் இரண்டாவது மானிட்டர் வரவே இல்லை என்று. எம்1, எம்2 சிப் உள்ள ஏர் ஒரே ஒரு வெளித் திரையைத்தான் ஏற்கும். எம்3 என்றால் மூடியை மூடிவைத்தால் இரண்டு வரும். எம்4 திறந்திருந்தாலும் இரண்டு வரும். எம்1, எம்2க்கு டிஸ்பிளேலிங்க் அடாப்டர்தான் வழி. அதற்கு 'ஸ்கிரீன் ரெக்கார்டிங்' அனுமதி கொடுக்க வேண்டும். அது கேட்கும்போது மிரள வேண்டாம், படத்தை வெளியே அனுப்பத்தான் கேட்கிறது. அந்த அனுமதி இருக்கும்வரை நெட்ஃபிளிக்ஸ் போன்ற பாதுகாக்கப்பட்ட படங்கள் கறுப்பாகத் தெரியலாம்.

இன்னொரு பின்சேர்க்கை: மேசைக் கணினி வைத்திருப்பவர் ஒருவர் ஒரு கேபிளைக் கிராஃபிக்ஸ் கார்டிலும், இன்னொன்றை மதர்போர்டிலும் சொருகியிருந்தார். கார்டு இருந்தால் பல கணினிகளில் மதர்போர்டின் போர்ட் அணைந்தே இருக்கும். இரண்டையும் கார்டிலேயே சொருகியதும் சரியாகிவிட்டது. அவர் வாங்கிய கேபிளிலும் ஒரு சிக்கல் இருந்தது. டிஸ்பிளேபோர்ட்டிலிருந்து எச்டிஎம்ஐக்குப் போகும் கேபிள் ஒருவழிப் பாதை. டிஸ்பிளேபோர்ட் முனை கணினியில் இருக்க வேண்டும், எச்டிஎம்ஐ முனை மானிட்டரில். தலைகீழாகச் சொருகினால் படம் வராது. கணினியில் எச்டிஎம்ஐ, மானிட்டரில் டிஸ்பிளேபோர்ட் என்று இருந்தால் அதற்கென்று தனி ஆக்டிவ் அடாப்டர் கேட்டு வாங்குங்கள். மின்சாரத்துக்கு ஒரு யூஎஸ்பி வாலும் அதில் பெரும்பாலும் இருக்கும்.