பஸ் இரண்டே காலுக்கு: செரோக்கி குயவரைப் பள்ளிப் பிள்ளைகளிடம் அழைத்து வரும்போது செய்யும் தவறுகள்

போன மாதம், பக்கத்து ஊர் அருங்காட்சியகத்தில் புதிதாகச் சேர்ந்த பெண் ஒரு நிகழ்ச்சி நிரலை அனுப்பி, ஒரு தடவை பார்த்துச் சொல்ல முடியுமா என்று கேட்டாள். செரோக்கி குயவர் வருகை, நான்காம் வகுப்பு, 54 பிள்ளைகள். 9:30 வரவேற்பு. 10:00 பானை செய்தல். 11:15 ஜூஸ். 11:30 அச்சுப் பதித்தல். 12:45 நெருப்பில் சுடுதல். 2:15 பஸ்.

படித்ததும் வயிற்றைக் கலக்கியது. அமெரிக்காவில், வட கரோலினாவின் மேற்கு மலைப் பக்கத்தில் ஒரு சின்ன அருங்காட்சியகத்தின் கல்விப் பிரிவில் இருக்கிறேன். செரோக்கிகள் இந்த மலைகளின் பழங்குடியினர். ஒன்பது வருடம் முன்னால் இதே நிரலை நானும் போட்டேன். அந்த 2:15 கூட மாறவில்லை.

மேசையில் பழைய பேப்பர் விரிப்பது, களிமண்ணைத் தொட்டியில் கழுவாமல் இருப்பது எல்லாம் உங்களுக்கே தெரியும். தெரியாதவற்றுக்கு வருகிறேன்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் முடிப்பது

செரோக்கி மரபில் சக்கரம் கிடையாது. மண்ணைக் கயிறாக உருட்டி, வட்டம் வட்டமாக அடுக்கி, விரலால் இழைத்து ஒட்டுவார்கள். அப்புறம்தான் முக்கியமான வேலை: கோடும் வளைவும் செதுக்கிய மரத்தட்டியால் வெளியிலிருந்து அடிப்பது. உள்பக்கம் கையோ வழவழப்பான கல்லோ தாங்கிக்கொள்ளும். நம் ஊர்க் குயவர் பலகையும் கல்லும் வைத்துப் பானையின் அடியைத் தட்டி எடுப்பதைப் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். அங்கே பலகை மொழுமொழுவென்று இருக்கும், இங்கே செதுக்கியிருக்கும். அடி விழ விழ மண்கயிறுகள் ஒன்றோடொன்று இறுகும், சுவர் மெலியும், செதுக்கலும் கூடவே பதியும். பிள்ளைகளிடம் இதை வெறும் அலங்காரம் என்று சொன்னால் பாதி விஷயம் போய்விடும்.

இந்த அடிக்கு ஒரு பதம் உண்டு. மண் ஈரமாக இருந்தால் தட்டி ஒட்டிக்கொண்டு பிய்த்துக்கொண்டு வரும். காய்ந்துவிட்டால் விரிசல் விடும். விரலால் அழுத்தினால் லேசாக அமுங்க வேண்டும், ஆனால் விரலில் ஒட்டக்கூடாது. எங்கள் மலை ஈரத்தில் அந்தப் பதம் வர சில மணி நேரமும் ஆகும், ஒரு ராத்திரியும் ஆகும். நான் அதற்கு ஒதுக்கியிருந்தது பிள்ளைகள் ஜூஸ் குடிக்கும் பதினைந்து நிமிடம்.

அன்று வந்தவர், இங்கே செரோக்கிகளின் நிலமான குவாலா எல்லைப் பகுதியைச் சேர்ந்த ஒரு வயதான அம்மா. ஒன்றரை மணி நேரம் தானே வண்டி ஓட்டிக்கொண்டு வந்திருந்தார். அச்சுப் பதிக்கும்போதே பாதிப் பானைகள் தட்டியோடு எழுந்து வந்தன. அதையெல்லாம் அவர் பொறுமையாக ஒட்டிக் கொடுத்தார். நெருப்பு நேரம் வந்ததும் ஒரு பானையை எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்த்தார். "சில்லுனு இருக்கு. உள்ளே தண்ணி இருக்கு. இன்னைக்கு வேண்டாம்." நான் என்ன சொன்னேன் தெரியுமா? பெற்றோருக்குக் கடிதம் போய்விட்டது, பிள்ளைகள் பானையோடுதான் வீட்டுக்குப் போவார்கள் என்று எழுதியிருக்கிறோம், பஸ் இரண்டே காலுக்கு. அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். "நிகழ்ச்சி உங்களுடையது" என்று சொல்லிவிட்டுக் கட்டையை அடுக்க ஆரம்பித்தார்.

முதல் வெடி கேட்டதும் பிள்ளைகள் கை தட்டினார்கள். சோளப்பொரி பொரிகிற மாதிரிதான் இருந்தது. ஆறேழு வெடிக்குப் பிறகு ஒரு பையன், "அது நம்ம பானையா?" என்று கேட்டான். அதற்கப்புறம் யாரும் கை தட்டவில்லை. 48 பானைகளில் முழுசாக வந்தவை ஐந்து.

காரணத்தில் மர்மம் எதுவும் இல்லை. மண்ணுக்குள் இருக்கும் தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டியதும் ஆவியாகி, ஏறக்குறைய 1,700 மடங்கு விரியும். வெளியேற வழி இல்லாவிட்டால் சுவரை உடைத்துக்கொண்டு போகும். பிள்ளைகள் செய்யும் பானையில் சுவர் தடிமன் வேறு. அதோடு நான் இன்னொன்றும் செய்திருந்தேன்: கடையில் பாக்கெட்டில் விற்கும் வெண்ணெய் மாதிரி மண்ணை வாங்கி வைத்திருந்தேன். இந்த மரபில் மண்ணோடு மணலோ பொடித்த கல்லோ சேர்ப்பது சும்மா இல்லை. ஆவிக்கு வழி விடுவதும், திடீர்ச் சூட்டைத் தாங்க வைப்பதும் அந்தக் கரகரப்புதான். என்ன மண் வேண்டும் என்று வருபவரிடமே முதலில் கேட்டிருந்தால் ஒரு நிமிடத்தில் சொல்லியிருப்பார்.

கட்டை, மண், சன்மானம், எல்லாம் போச்சு. அந்தப் பள்ளி அடுத்த வருடம் வரவில்லை. அந்த அம்மா அதற்கப்புறம் இரண்டு வருடம் என் போனை எடுக்கவில்லை. அவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. முப்பது வருடமாக மண்ணைத் தொட்டவர் வேண்டாம் என்று சொன்ன பிறகு, கையில் அட்டவணையை வைத்துக்கொண்டு எதிர்த்துப் பேசியது நான்தான். இன்றைக்கு யாராவது அப்படியொரு நிரலை நீட்டினால் கோபம் வருவது இதனால்தான். அவமானப்படப் போவது அவர்கள் மட்டும் என்றால் பரவாயில்லை, வருகிற கலைஞரையும் அல்லவா பிள்ளைகள் முன்னால் தோற்றவராக்கி நிறுத்துகிறோம்.

இப்போது நாங்கள் இரண்டு வருகையாகப் பிரித்துவிட்டோம். முதல் நாள் மண்கயிறு அடுக்கிப் பானை செய்வதோடு சரி. அச்சுப் பதித்துப் பழக, கலைஞர் தன் வீட்டில் செய்த சில பானைகளைப் பிளாஸ்டிக்கில் சுற்றிப் பதம் போகாமல் எடுத்து வருவார். பிள்ளைகளுடையதை மறுநாள் வகுப்பிலேயே தட்டிக்கொள்வார்கள். பிறகு குறைந்தது இரண்டு வாரம் நிழலில் காய வேண்டும். இரண்டாம் வருகைக்குத்தான் நெருப்பு. அன்றும் பானைகளை எடுத்த எடுப்பில் உள்ளே போடுவதில்லை. நெருப்பைச் சுற்றி வைத்து, திருப்பித் திருப்பிச் சூடேற்றி, மெல்ல உள்ளே நகர்த்துவார்கள். இதற்கே அரை நாள் போய்விடும். இரண்டு வருகைக்குப் பணம் இல்லையா, சுடுவதை விட்டுவிடுங்கள். காய வேண்டிய நாட்களில் கை வைக்காதீர்கள்.

பானையில் இருக்கும் சின்னங்களுக்கு அர்த்தம் எழுதிய ஒர்க்ஷீட்

கிழித்துப் போடுங்கள்.

"இதில் எது அசல்?" என்று கேட்பது

ஒரு ஆசிரியை, கலைஞரின் மேசையில் இருந்த பளபளப்பான கறுப்புப் பானையையும் அச்சுப் பதித்ததையும் காட்டி, பிள்ளைகள் முன்னாலேயே இப்படிக் கேட்டார். கேள்வியே தப்பு. அச்சுப் பதிப்பது மிகப் பழையது. செரோக்கிகளில் பெரும்பாலோரை அமெரிக்க அரசு இன்றைய ஓக்லஹோமாவுக்குத் துரத்திய 1838-39 கட்டாய வெளியேற்றத்துக்குப் பிறகு, 1840 வாக்கில் கடாபா இனக் குடும்பங்கள் சில இந்த மலைப்பக்கம் செரோக்கிகளோடு வந்து தங்கின. கல்லால் தேய்த்து மெருகேற்றும் அவர்களுடைய முறை இங்கே ஊன்றியது. 1934-இல் புகைமலைத் தேசியப் பூங்கா வந்து சுற்றுலாக்காரர்கள் குவிந்ததும் அந்த மெருகுப் பானைதான் விலை போனது. 1952-இல் சுற்றுலாக்காரர்களுக்காகத் திறந்த ஒகொனலஃப்டி மாதிரிக் கிராமத்தில் பல்லாண்டுகள் உட்கார்ந்து பானை செய்து காட்டிய அமாண்டா ஸ்விம்மர் (1921–2018) பெயரைச் சொல்லாமல் இந்தக் கதையைச் சொல்ல முடியாது. அச்சுப் பானை மறுபடி பரவலாகக் கைக்கு வந்தது 2000-களின் தொடக்கத்தில், செரோக்கி என்றே பெயர் கொண்ட ஊரின் அருங்காட்சியகம் நடத்திய பயிற்சிகளுக்கும் அதையொட்டி உருவான குயவர் குழுவுக்கும் பிறகு. ஆக, மேசையில் இருந்த இரண்டும் செரோக்கிதான். அந்த ஆசிரியைக்குக் கிடைத்த பதில்: "ரெண்டையும் நான்தான் செஞ்சேன்."

ஓக்லஹோமாவையும் இங்கேயும் ஒன்றாகக் குழப்புவது

செரோக்கிகளுக்கு மூன்று தனித்தனி பழங்குடி அரசுகள்: இங்கே கிழக்குக் குழு, ஓக்லஹோமாவில் செரோக்கி நேஷனும் யுனைடெட் கீடூவா குழுவும். ஓக்லஹோமாப் பக்கம் பானைக் கலை ஏறக்குறைய அற்றுப்போயிருந்தது. செரோக்கி எழுத்தை உருவாக்கிய செக்குவோயா பிடித்தது மாதிரி ஒரு மண் புகைக்குழாய் வேண்டும் என்று கணவர் கேட்கப்போய், தங்கள் குளத்து மண்ணை எடுத்துப் பிசைய ஆரம்பித்தவர் அன்னா மிட்செல் (1926–2012). அங்கே அதை மீட்டவர் அவர்தான். இன்று ஓக்லஹோமாவில் பேர் சொல்லும் ஜேன் ஓஸ்டி அவரிடம் கற்றவர். யாரை அழைக்கிறீர்களோ அவர்கள் பக்கத்துக் கதையைத் தெரிந்துகொண்டு பேசுங்கள்.

கல்லறையிலிருந்து எடுத்த பானையின் படம்

ஸ்லைடில்கூட வேண்டாம். பழங்குடியினரின் எலும்புகளையும் கல்லறைப் பொருள்களையும் பற்றிய 1990-இன் சட்டத்துக்கு (NAGPRA) 2024 ஜனவரியில் வந்த புதிய விதிகளின்படி, அப்படிப்பட்ட பொருளைக் காட்சிக்கு வைக்கவே சம்பந்தப்பட்ட பழங்குடி அரசின் ஒப்புதல் வேண்டும்.

பிள்ளைகள் செய்ததைச் "செரோக்கிப் பானை" என்று சீட்டு ஒட்டிப் பள்ளிச் சந்தையில் விற்பது

நல்லெண்ணத்தில் செய்வதுதான். ஆனால் பழங்குடியினர் செய்யாத பொருளை அவர்கள் செய்ததாகச் சொல்லி விற்பது 1990-இன் இன்னொரு சட்டப்படி குற்றம். தனிநபருக்கு முதல் தடவைக்கே 2,50,000 டாலர் வரை அபராதம், ஐந்து வருடம் வரை சிறை. நான்காம் வகுப்புப் பிள்ளையைப் பிடித்து உள்ளே போடப்போவதில்லை, சரி. எதிரில் உட்கார்ந்திருப்பவருக்கு அதுதான் பிழைப்பு என்பதையாவது நினைத்துப் பாருங்கள்.

பெட்ரோல், கட்டை, மண்

சன்மானத்தில் சேராது. தனியாகக் கொடுங்கள்.

காட்சிக்கூடத்தை முதலில் சுற்றிக் காட்டுவது

இதைத் தவறு என்று யாரும் நினைப்பதில்லை, நானும் நினைக்கவில்லை. முதலில் கண்ணாடிப் பெட்டி, பிறகு களிமண் என்பதுதான் வழக்கம். பிள்ளைகள் பெட்டிகளை நான்கு நிமிடத்தில் கடந்துவிடுவார்கள். ஒரு வருடம் மழை பிடித்துக்கொண்டதால் வரிசை மாறியது. காலையில் தட்டியால் அடித்துப் பழகிவிட்டுக் கூடத்துக்குள் போனார்கள். பழைய பானை ஓடு ஒன்றின் முன்னால் ஒரு சிறுமி கண்ணாடியில் மூக்கு பட நின்றுவிட்டாள். "இங்கே ஒரு தடவை அடிச்சிட்டு, அது மேலேயே மறுபடி அடிச்சிருக்காங்க. கோடு கோட்டு மேல ஏறியிருக்கு பாருங்க." அந்த ஓட்டுத்துண்டை நான் ஆறு வருடமாகத் தினம் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்குத் தெரிந்ததில்லை. அன்று வந்திருந்த குயவர் அவள் பக்கத்தில் குனிந்து பார்த்தார். "ஆமா. தட்டியைத் தண்ணியில் நனைக்க மறந்திருப்பாங்க. முதல் அடி ஒட்டியிருக்கும்."