மா இலை, ராகி வேர்: மரபணு ஆய்வில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கிருஷ்ணகிரி, தருமபுரி வட்டாரத்தில் தாவரவியல், உயிரித்தொழில்நுட்பம் படிக்கிறவர்களுக்கு ப்ராஜெக்ட் என்றதும் கைக்கு எட்டுகிற பயிர்கள் இரண்டு: மாமரம், ராகி. இரண்டும் நல்ல தேர்வுதான். ஆனால் இரண்டுமே ஆய்வகத்தில் எளிதில் வளைந்து கொடுக்காதவை. டி.என்.ஏ. வரவில்லை, குரோமோசோம் தெரியவில்லை என்றால் முதலில் கெமிக்கலையும் மெஷினையும் குறை சொல்வது வழக்கம். உண்மையில் பெரும்பாலான தோல்விகள் அதற்கு முன்பே, இலை பறிக்கும் இடத்திலும் வேர் நறுக்கும் நேரத்திலும் முடிவாகிவிடுகின்றன.

எந்த இலை, எந்தக் கிளை

மாவில் முதல் தவறு முற்றிய இலையைப் பறிப்பது. கரும்பச்சையாகத் தடித்த இலையில் பாலிஃபீனால், பாலிசாக்கரைடு, பிசின் எல்லாம் மண்டிக் கிடக்கும். செம்பு நிறம் மாறி வெளிர்பச்சைக்கு வருகிற தளிர்தான் வேண்டும். விரலால் மடித்துப் பார்த்தால் தெரிந்துவிடும்: சரியான இலை துவளும், முற்றியது ‘படக்’கென்று முறியும். அறுவடை முடிந்து மழை விழுந்த பின் புதுத் துளிர் தாராளமாகக் கிடைக்கும். ப்ராஜெக்ட் கால அட்டவணையை மரத்தின் துளிர் பருவத்தை ஒட்டிப் போடுங்கள். கடைசி நேரத்தில் கிடைத்த இலையை வைத்து ஒப்பேற்ற வேண்டாம்.

இரண்டாவது தவறு இதைவிட மோசம், கண்ணுக்கும் தெரியாது. நம் பக்கத்துத் தோட்டங்களில் இருப்பவை பெரும்பாலும் ஒட்டு மரங்கள். சந்தூர் நர்சரிகளிலிருந்து வரும் கன்றிலும் மேலே இருப்பது ஒரு மரம், அடியில் வேர்ச்செடியாக இருப்பது வேறொரு மரம். ஒட்டுப் பகுதிக்குக் கீழே கிளம்பிய துளிர் கைக்கு எட்டுகிற உயரத்தில் இருக்கும் என்பதால் அதையே பறித்துவிடுகிறார்கள். கவரில் ‘பெங்களூரா’ என்று எழுதியிருக்கும். உள்ளே இருப்பது பெயர் தெரியாத நாட்டு மாங்கொட்டையின் டி.என்.ஏ. காய் பிடிக்கிற கிளையிலிருந்துதான் இலை எடுக்க வேண்டும். கொட்டை போட்டு முளைத்த மரத்தைத் தாய் ரகத்தின் பெயரால் குறிப்பதும் இதே வகைத் தவறு. பெங்களூரா, செந்தூரா, அல்போன்சா போன்ற நம் ரகங்களின் கொட்டையில் ஒற்றைக் கரு மட்டுமே இருக்கும். அது மகரந்தச் சேர்க்கையில் பிறந்த புதுக் கலவை, தாயின் நகல் அல்ல. வெள்ளைக்கொளம்பான் போன்ற பல கரு ரகங்களில்தான் தாயை அப்படியே உரித்து வைத்த கன்றுகள் கொட்டையிலிருந்து கிடைக்கும்.

இலையின் மேல் கரி பூசியது போல் கறுப்பு படர்ந்திருந்தால் அந்த இலையைத் தொடாதீர்கள். தத்துப்பூச்சி கழிக்கும் தேன் போன்ற திரவத்தில் வளரும் கரும்பூசணம் அது. அரைத்தால் பூஞ்சையின் டி.என்.ஏ.வும் சேர்ந்தே வரும். சுத்தமான இலையையும் 70 சதவீத எத்தனாலில் நனைத்த பஞ்சால் இருபுறமும் துடைத்து, உலர்ந்த பிறகே கவரில் போட வேண்டும். ஈரத்தோடு பாலித்தீன் கவரில் அடைத்து வண்டியின் சைடு பாக்ஸில் வைத்தால், தருமபுரி ஏப்ரல் வெயிலில் ஆய்வகம் போய்ச் சேர்வதற்குள் இலை வெந்துவிடும். ஐஸ் பெட்டி வேண்டும். அது இல்லையென்றால் சிலிக்கா ஜெல் போதும்: இலையின் எடையைப் போலப் பத்து மடங்கு ஜெல், இலையைச் சிறு துண்டுகளாகக் கிழித்துப் போட்டால் ஒரே நாளில் காய்ந்துவிடும். மெதுவாகக் காயும் இலையில் அதன் நொதிகளே டி.என்.ஏ.வை நறுக்கிவிடும்.

சிடிஏபி முறை சறுக்கும் இடங்கள்

சிடிஏபி என்பது செல்லின் சவ்வைக் கரைத்து டி.என்.ஏ.வை வெளியே கொண்டுவரும் சோப்பு போன்ற பொருள். 100 மி.லி. கரைசலுக்குச் சிடிஏபி 2 கிராம், சோடியம் குளோரைடு 8.18 கிராம், பி.எச். 8.0 உள்ள 1 மோலார் டிரிஸ் 10 மி.லி., பி.எச். 8.0 உள்ள 0.5 மோலார் இ.டி.டி.ஏ. 4 மி.லி., பி.வி.பி. 2 கிராம். இ.டி.டி.ஏ. கரையவில்லை என்று மணிக்கணக்கில் கலக்கிக்கொண்டிருப்பதைப் பல ஆய்வகங்களில் பார்க்கலாம். பி.எச். 8ஐ நெருங்கும் வரை அது கரையாது. சோடியம் ஹைட்ராக்சைடைச் சேர்த்துக்கொண்டே கலக்க வேண்டும். பீட்டா-மெர்காப்டோஎத்தனாலை மட்டும் பயன்படுத்தும் நேரத்தில், ஃப்யூம் ஹூடுக்குள் வைத்துச் சேர்க்க வேண்டும். மாவுக்கு 1 முதல் 2 சதவீதம். முன்கூட்டியே கலந்து வாரக்கணக்கில் வைத்த கரைசலில் அதன் வீரியம் போய்விடும்.

இலை 100 மி.கி., கரைசல் 1 மி.லி. இந்த விகிதத்தை மீறுவதுதான் அதிகம் நடக்கும் பிழை என்று சொல்லலாம். நிறைய இலை போட்டால் நிறைய டி.என்.ஏ. கிடைக்கும் என்று அரை கிராமைத் திணித்தால் சிடிஏபி போதாது, பாலிஃபீனாலைப் பிடிக்க பி.வி.பி.யும் போதாது. கிடைப்பது பழுப்புக் கூழ்.

திரவ நைட்ரஜனில் அரைக்கும்போது தூள் உருகி ஈரமாகும் அந்தச் சில விநாடிகளைக் கவனியுங்கள். பச்சைத் தூள் ஓரத்தில் பழுக்க ஆரம்பிக்கும். பாலிஃபீனால் காற்றுப் பட்டு ஆக்சிஜனேற்றம் அடைந்து டி.என்.ஏ.வோடு ஒட்டிக்கொள்வதன் அடையாளம் அது. ஒட்டிய பிறகு எத்தனை முறை எத்தனாலில் கழுவினாலும் போகாது. தூள் உறைந்த நிலையிலேயே 65 டிகிரி செல்சியஸில் சூடாக இருக்கும் கரைசலுக்குள் விழ வேண்டும். நைட்ரஜன் கிடைக்காத கல்லூரியில் சூடான கரைசலையே கல்வத்தில் ஊற்றி அரைப்பது, பாதி உருகிய தூளை அரைப்பதைவிட மேல்.

பிறகு 65 டிகிரியில் 30 முதல் 60 நிமிடம், பத்து நிமிடத்துக்கு ஒருமுறை குழாயை மெல்லக் கவிழ்த்து நிமிர்த்த வேண்டும். வோர்டெக்ஸ் வேண்டாம், நீண்ட இழைகள் அறுந்துவிடும். வெளியே எடுத்ததும் ஐஸில் வைக்கிற பழக்கம் சிலருக்கு உண்டு. இந்தக் கட்டத்தில் அது கூடாது. குளிர்ந்தால் சிடிஏபியே வெள்ளையாகப் படிந்துவிடும், அதை டி.என்.ஏ. என்று நம்பி ஏமாறுபவர்களும் உண்டு. அறை வெப்பத்துக்கு வந்ததும் சம அளவு 24:1 குளோரோஃபார்ம்–ஐசோஅமைல் ஆல்கஹால் சேர்த்து 12,000 ஆர்.பி.எம்.மில் 10 நிமிடம் சுழற்றுங்கள். மேலே தெளிந்த நீர், நடுவில் வெள்ளைத் தோல், அடியில் பச்சை என்று மூன்றடுக்கு தெரியும். மேலடுக்கை மொத்தமாக உறிஞ்ச ஆசைப்பட்டு அந்தத் தோலைத் தொட்டுவிட்டால் புரதமும் மாவுப்பொருளும் கூடவே ஏறிவரும். 1 மி.லி.யில் 600 மைக்ரோலிட்டர் போதும், மிச்சம் இருக்கட்டும். கலங்கலாக இருந்தால் குளோரோஃபார்ம் கட்டத்தை இன்னொரு முறை செய்யுங்கள்.

இதில் 0.7 பங்கு ஐசோப்ரோபனால் சேர்த்ததும் நூலிழை போல் சுருண்டு வந்தால் நல்லது. ஜெல்லி போல் வழவழப்பாக வந்தால் அது பாலிசாக்கரைடு. அப்படி வருமென்று சந்தேகம் இருந்தால் ஐசோப்ரோபனாலுக்கு முன்பே அரைப் பங்கு 5 மோலார் சோடியம் குளோரைடு சேர்த்துவிடுங்கள். உப்பு மிகுந்த கரைசலில் பாலிசாக்கரைடு படியாமல் தங்கிவிடும். 70 சதவீத எத்தனாலில் கழுவிய பின் உலர்த்துவதிலும் அளவு தேவை. எத்தனால் மிச்சமிருந்தால் ஜெல்லில் லோடு செய்யும்போது மாதிரி குழியில் இறங்காமல் மிதந்து வெளியேறும். மின்விசிறியடியில் மறந்துவிட்டால் காய்ந்து இறுகி, பிறகு கரையவே கரையாது. வெயில் காலத்தில் ஐந்து முதல் பத்து நிமிடமே அதிகம். 50 மைக்ரோலிட்டர் டி.இ. கரைசலில் கரைத்து, ஆர்.என்.ஏஸ் (ஆர்.என்.ஏ.வை அழிக்கும் நொதி) போட்டு 37 டிகிரியில் அரை மணி நேரம் வையுங்கள்.

ஆர்.என்.ஏஸ் போடாமல் நானோட்ராப்பில் (டி.என்.ஏ.வின் அளவை ஒளியால் அளக்கும் கருவி) பார்த்துவிட்டு ‘ஆயிரம் நானோகிராம் வந்திருக்கிறது’ என்று எழுதுவது வீண். அந்தக் கருவிக்கு ஆர்.என்.ஏ.வும் டி.என்.ஏ.வும் ஒன்றுதான். புரதக் கலப்பைக் காட்டும் 260/280 ஒளி விகிதம் 1.8ஐ ஒட்டி இருக்கிறதே என்று நிம்மதி அடைகிறவர்கள், பாலிசாக்கரைடு, பாலிஃபீனால் கலப்பைக் காட்டும் 260/230ஐப் பார்ப்பதில்லை. மாவில் பிரச்சினை அங்கேதான் தெரியும். அது 2ஐ ஒட்டி இருக்க வேண்டும். 1க்குக் கீழே போனால் பி.சி.ஆர். (டி.என்.ஏ.வின் குறிப்பிட்ட துண்டைப் பெருக்கும் முறை) நடக்க வாய்ப்பு குறைவு. 0.8 சதவீத அகரோஸ் ஜெல்லில் மேலே ஒரே கனமான பட்டை தெரிந்தால் சரி, கீழ்நோக்கி இழுவையாகத் தெரிந்தால் அறுந்துபோன டி.என்.ஏ. பி.சி.ஆர். வரவில்லையென்றால் டி.என்.ஏ.வைக் கூட்டாதீர்கள், குறையுங்கள். பத்து மடங்கு, ஐம்பது மடங்கு நீர்த்துப் பார்த்தால் தடுக்கும் பொருளும் நீர்த்துப்போய் பல நேரம் பட்டை வந்துவிடும்.

ராகி வேரில் 36ஐ எண்ணுவது

வெங்காய வேரில் பழகிய கண்ணுக்கு ராகி ஏமாற்றம் தரும். வெங்காயத்தில் 16 குரோமோசோம்கள், ஒவ்வொன்றும் பெரிது. ராகியில் 36, எல்லாம் பொடி. முன்பதப்படுத்தாமல் நேராக ஃபிக்ஸ் செய்தால் (செல்களை அப்படியே உறையவைத்தால்), குரோமோசோம்கள் தெளிவாகத் தெரியும் பிளவுக் கட்டமான மெட்டாஃபேஸில் உள்ள செல்கள் குறைவாகவும், இருப்பவற்றில் குரோமோசோம்கள் ஒன்றன் மேல் ஒன்றாகவும் கிடக்கும்.

ஈர வடிதாளில் முளைத்த விதையின் வேர் ஒரு செ.மீ. வளர்ந்ததும் காலையில் எடுத்து, 0.002 மோலார் 8-ஹைட்ராக்சிகுவினோலினில் 3 முதல் 4 மணி நேரம் வையுங்கள். 100 மி.லி.க்கு 29 மி.கி.; குளிர்நீரில் கரையாது, 60 டிகிரி வரை சூடாக்கிக் கரைத்து ஆறவிட வேண்டும். வைக்கும் வெப்பநிலை 16 முதல் 18 டிகிரி. ஓசூர் குளிரில் வெறும் மேசையிலேயே வைத்துச் செய்தவர் சொன்ன நேரத்தை, தருமபுரியில் 35 டிகிரி அறையில் அப்படியே பின்பற்றினால் வேர் கெட்டுவிடும். தெர்மோகோல் பெட்டியில் ஐஸ் கட்டி போட்டு, உள்ளே தெர்மாமீட்டர் வைத்துப் பாருங்கள்.

ஃபிக்ஸ் செய்ய எத்தனால் மூன்று பங்கு, கிளேசியல் அசிட்டிக் அமிலம் ஒரு பங்கு. அன்றன்றைக்குக் கலக்க வேண்டும். பழைய கலவையில் இரண்டும் வினைபுரிந்து எஸ்டராகிவிடும். 24 மணி நேரம் கழித்து 70 சதவீத எத்தனாலுக்கு மாற்றி ஃப்ரிட்ஜில் வைக்கலாம். 1 நார்மல் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் 60 டிகிரியில் 8 முதல் 10 நிமிடம். குறைந்தால் செல்கள் பிரியாமல் கட்டியாக நிற்கும், கூடினால் சாயம் பிடிக்காமல் வெளிறும். ஒரு மி.மீ. நுனியை மட்டும் வெட்டி எடுங்கள். அதற்கு மேலே இருப்பது நீளும் பகுதி. பிளவுபடும் செல்கள் அங்கே இராது. கவர் ஸ்லிப்பை நசுக்கும்போது பக்கவாட்டில் நகர்ந்தால் செல்கள் உருண்டுவிடும். வடிதாளை மேலே வைத்து, ஒரு ஓரத்தை விரலால் பிடித்துக்கொண்டு, கட்டை விரலால் நேர் கீழாக அழுத்த வேண்டும்.

ஒரு செல்லில் 34 எண்ணிவிட்டு ‘புது எண்ணிக்கை’ என்று எழுதிவிடாதீர்கள். நசுக்கும்போது உடைந்த செல்லிலிருந்து ஒன்றிரண்டு வெளியே போயிருக்கும். முழுமையான பத்துச் செல்களாவது எண்ணிப் பார்க்க வேண்டும். எழுதும் முறையிலும் பிழை வரும்: ராகி நான்கு தொகுதி கொண்டது என்பதால் ‘4n = 36’ என்று போடுகிறார்கள். சரியானது 2n = 4x = 36: 2n என்பது உடல் செல்லின் எண்ணிக்கை, x என்பது ஒரு தொகுதியின் எண்ணிக்கை. மகரந்தத்தில் 18, அடிப்படை எண் 9.

குரோமோசோம் கூடினால் ஜீனோம் (ஒரு தொகுதியின் மொத்த டி.என்.ஏ.) பெரிது என்ற எண்ணமும் கைவிட வேண்டியது. மாவுக்கு 40 குரோமோசோம்கள். 2020இல் வெளியான அல்போன்சா ஜீனோம் சுமார் 39 கோடி கார இணைகள். 16 குரோமோசோம் உள்ள வெங்காயத்தின் ஜீனோமோ சுமார் 1,600 கோடி, நாற்பது மடங்கு. பெரும்பகுதி திரும்பத் திரும்ப வரும் தொடர்கள்தான். மரபணுக்கள் அந்த அளவுக்குக் கூடவில்லை.

பட்டையை வாசிப்பதில்

மா இருமய மரம், அதாவது குரோமோசோம்கள் இரண்டு தொகுதிகளாக இருக்கும். ஒரு மைக்ரோசாட்டிலைட் மார்க்கருக்கு (ரகத்தை அடையாளம் காண உதவும், திரும்பத் திரும்ப வரும் சிறு டி.என்.ஏ. தொடர்) அதிகபட்சம் இரண்டு பட்டை. மூன்று வந்தால் முதலில் இரண்டு மரத்து இலை கலந்துவிட்டதா என்று பாருங்கள். பெங்களூரா, தோத்தாபுரி, கிளிமூக்கு என்று மூன்று பெயரில் மூன்று மாதிரி எடுத்து, ஒரே பட்டை வந்ததும் ஆய்வு தோற்றது என்று நினைக்க வேண்டாம். மூன்றும் ஒரே ரகம், வெவ்வேறாக வந்திருந்தால்தான் சந்தேகப்பட வேண்டும்.

ராகியில் நிலைமை வேறு. அதில் ஏ, பி என்ற இரு மூதாதை ஜீனோம்கள் சேர்ந்திருக்கின்றன, எனவே ஒரே ப்ரைமர் (பி.சி.ஆர். தொடங்க உதவும் சிறு டி.என்.ஏ. துண்டு) இரண்டிலும் ஒட்டும். பையூர் 2 போன்ற தூய ரகத்தில் இரண்டு பட்டை வந்ததும் ‘கலப்பாகிவிட்டது’ என்று முடிவு கட்டுவது பெரும்பிழை. ராகி தன்மகரந்தச் சேர்க்கைப் பயிர். அந்த இரண்டில் ஒன்று ஏ ஜீனோமுடையது, மற்றது பி ஜீனோமுடையதாக இருக்கலாம். அதே ரகத்தின் பல செடிகளைத் தனித்தனியாக ஓட்டிப் பாருங்கள். எல்லாச் செடியிலும் அதே இரண்டு பட்டை மாறாமல் வந்தால் ஜீனோம் காரணம். சிலவற்றில் ஒன்று, சிலவற்றில் மற்றது என்று பிரிந்தால்தான் விதைக் கலப்பு. இதற்காகவே களத்துக் குவியலிலிருந்து அள்ளிய விதையை மொத்தமாக முளைக்கவிட்டு அரைக்கக் கூடாது: செடிக்கு ஒரு இலை, இலைக்கு ஒரு குழாய், ஒவ்வொரு பி.சி.ஆர். தொகுதிக்கும் டி.என்.ஏ. போடாத ஒரு வெற்றுக் குழாய். அந்த வெற்றுக் குழாயில் பட்டை தெரிந்தால் அன்றைய ஜெல் முழுவதையும் ஒதுக்கிவிட்டு, புதுத் தண்ணீர், புது ப்ரைமரோடு மறுபடி ஓட்ட வேண்டும்.