இறக்குன சி10-ல டயர் உரசுனது, நான் சரி பண்ணது

என்கிட்ட 72 மாடல் ஷெவி (ஷெவர்லே) சி10 பிக்கப் டிரக் ஒண்ணு இருக்கு, எனக்கு வித்தவரு ஏற்கனவே சஸ்பென்ஷன மாத்தி வண்டிய தரைக்கு கிட்ட நல்லா இறக்கி வச்சிருந்தாரு. நான் ஆசைப்பட்டு 20 இன்ச் வீல்ல 255/45 டயர் (அகலம் 255 மில்லி, பக்கச்சுவர் உயரம் அதுல 45 சதவீதம்) மாட்டுனேன், கடைக்காரன் "தாராளமா உக்காரும்"னு சொன்னான், வீடு வர்றதுக்குள்ளயே ஒவ்வொரு பள்ளத்துலயும் சர்ர்ருனு சத்தம்.

எங்க உரசுதுன்னு பாக்க டயர் ஓரம் பூரா சாக்பீஸ் தடவி ஒரு ரவுண்டு ஓட்டிட்டு வந்தேன். முன்னாடி ஸ்டியரிங்க முழுசா ஒடிச்சா ஃபெண்டர் (சக்கரத்துக்கு மேல இருக்குற பாடி தகடு) விளிம்புல உரசுது, பின்னாடி ஒரே ஒரு பக்கம் மட்டும்! அதான் மண்டைய குடைஞ்சுது. அப்புறம்தான் புரிஞ்சுது, பின் அச்ச சேஸிஸோட பிடிக்குற பான்ஹார்ட் ராடு குட்டையானது, வண்டிய இறக்குனா அதோட சாய்வு மாறி அச்சையே ஒரு பக்கமா நகர்த்திடும். வண்டி தரைல நிக்கும்போது டயருக்கும் சேஸிஸுக்கும் நடுவுல அளந்தேன், ரெண்டு பக்கத்துக்கும் முக்கால் இன்ச் வித்தியாசம், அப்ப அச்சு நகர்ந்தது அதுல பாதி. நீளம் மாத்துற மாதிரி ராடு வாங்கி நடுவுக்கு இழுத்தேன், பின்னாடி பிரச்சன ஓவர்.

முன்னாடிக்கு மட்டும் 245/40 டயர் மாத்துனேன், விட்டம் 33 மில்லி கொறஞ்சுது, அதாவது மேல 16 மில்லி இடம். ஃபெண்டர் விளிம்ப வெட்ட சொன்னாங்க, பழைய தகடு, எனக்கு மனசு வரல. இப்ப ஃபுல்லா ஒடிச்சாலும் சத்தம் இல்ல, ரெண்டு பேர் உக்காந்து ஸ்பீட் பிரேக்கர் ஏறுனா மட்டும் லேசா ஒரு முனகல்.