முட்டி வலின்னு வர்ற அம்மாவுக்கு எக்சர்சைஸ் சொல்லிக் குடுக்குறது எப்படி? (புது பிசியோதெரபிஸ்ட்களுக்கு)

நான் வேலைக்கு சேர்ந்த புதுசுல முட்டி தேய்மானம்னு வந்த ஒரு அம்மாகிட்ட, "முட்டிக்கு கீழ துண்டை வச்சு தொடையை டைட் பண்ணுங்க, மூணு வேளை"ன்னு சொல்லி அனுப்பினேன், அவங்களும் சரிப்பா சரிப்பான்னு தலையாட்டிட்டு போனாங்க. அடுத்த வாரம் வந்தா தொடையில சிவந்த தடம். டைட்னா கட்டுறதுன்னு நினைச்சு தினமும் மூணு வேளை துண்டை இறுக்கி கட்டியிருக்காங்க பாவம். தப்பு என் மேலதான். அதுக்கப்புறம் நான் மாத்திக்கிட்ட முறை இது.

படி 1: முதல்ல அவங்களை பேச விடுங்க

"முட்டிக்கு என்ன ஆச்சுன்னு நினைக்கிறீங்கம்மா?"ன்னு கேளுங்க. நடந்தா இன்னும் தேஞ்சிடும்னு நிறைய பேர் நம்புறாங்க, அந்த பயம் போகாம நீங்க என்ன சொல்லிக் குடுத்தாலும் வீட்ல செய்ய மாட்டாங்க. "தொடை சதை பலமானா முட்டிக்கு பாரம் குறையும்மா, அளவா நடக்குறது நல்லதுதான்"னு சொல்லுங்க.

படி 2: வார்த்தையை பாத்துக்கோங்க

நரம்பு இழுக்குதுன்னு சொன்னா அது நெர்வாவும் இருக்கலாம், ரத்தக்குழாயாவும் இருக்கலாம், தசைநாராவும் இருக்கலாம். ஜவ்வும் அப்படித்தான், லிகமென்டையும் (எலும்பை எலும்போட சேக்குற நார்) டிஸ்க்கையும் (முதுகெலும்புகளுக்கு நடுவுல இருக்குற மெத்தை) ஒரே பேர்ல சொல்வாங்க. அதனால விரலை வச்சு இடத்தை காட்டச் சொல்லுங்க.

படி 3: ரெண்டே ரெண்டு எக்சர்சைஸ், செஞ்சு காட்டி

ஆறு படம் போட்ட பேப்பரை நீட்டாதீங்க. உதாரணத்துக்கு ஒண்ணை எப்படி சொல்லிக் குடுக்குறதுன்னு பாருங்க. நீங்களே கட்டில்ல காலை நீட்டி உட்கார்ந்து, சுருட்டின துண்டை முட்டிக்கு அடியில வச்சு, "இந்த துண்டை முட்டியால கீழ அமுக்குங்க"ன்னு செஞ்சு காட்டுங்க. அப்புறம் அவங்க செய்யுறப்ப அவங்க கையையே தொடை மேல வைக்கச் சொல்லுங்க, சதை கல்லு மாதிரி ஆகுறது கைக்கே தெரியும், அது தெரிஞ்சிட்டா வீட்டுக்கு போயும் மறக்காது. அஞ்சு வரைக்கும் வாய்விட்டு எண்ணச் சொல்லுங்க, எண்ணிக்கிட்டே இருந்தா மூச்சை அடக்க மாட்டாங்க. இப்படி 10 தடவை. மூணு வேளைன்னு மொட்டையா சொல்லாம காலையில காபி குடிச்சதும், மதியம் சாப்பிட்டு படுக்குறப்ப, ராத்திரி தூங்குறதுக்கு முன்னாடின்னு சொல்லுங்க.

படி 4: "புரிஞ்சுதா?"ன்னு மட்டும் கேக்காதீங்க

யாரை கேட்டாலும் புரிஞ்சுதுன்னுதான் சொல்வாங்க, டாக்டர் மாதிரி இருக்குறவங்ககிட்ட இல்லைன்னு சொல்ல கூச்சம். "நான் சரியா சொன்னேனான்னு பாக்கணும்மா, வீட்ல மருமக கேட்டா எப்படி செஞ்சு காட்டுவீங்க?"ன்னு கேளுங்க. இதுக்கு பேரு டீச்-பேக். தப்பா செஞ்சா திட்டாம, வேற வார்த்தையில மறுபடி சொல்லி மறுபடி செய்யச் சொல்லுங்க. ரெண்டு நிமிஷம்தான் ஆகும், கூட்டம் எவ்ளோ இருந்தாலும் இதை மட்டும் விட்டுடாதீங்க.

படி 5: ஒத்தடம்

சுகர் இருந்து கால் மரத்துப்போனவங்ககிட்ட "தாங்குற சூடு"ன்னு சொன்னா புண்ணாகிடும், அவங்களுக்கு சூடே தெரியாது. உணர்ச்சி இருக்கான்னு நீங்க டெஸ்ட் பண்ணாம ஒத்தடமே சொல்லாதீங்க.

படி 6: வீட்டுக்கு போற வாய்ப்பு கிடைச்சா

தமிழ்நாட்டுல 2021 ஆகஸ்ட்ல ஆரம்பிச்ச மக்களைத் தேடி மருத்துவம்ங்கிற அரசு திட்டத்துல பிசியோ வீட்டுக்கே போறாங்க. அங்க போனா கட்டில் இருக்கா, பாத்ரூம் எப்படி, வாசப்படி எவ்ளோ உயரம்னு எல்லாம் தெரிஞ்சிடும். அந்தப் படியிலயே நிக்க வச்சு, ஏறுறப்ப நல்ல கால் முதல்ல, இறங்குறப்ப வலிக்கிற கால் முதல்லன்னு பழக்குங்க.

படி 7: மறுபடி வர்றப்ப

"செஞ்சீங்களா?"ன்னு ஆரம்பிக்காதீங்க. துண்டை கையில குடுத்து, "எப்படி செஞ்சீங்கன்னு காட்டுங்கம்மா"ன்னு கேளுங்க.