ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனுக்கு அப்லேஷன்: நோயாளி கவனிக்க வேண்டியவை

இதயத்தின் மேலறைகள் தாறுமாறாகத் துடிப்பதுதான் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன். அப்படித் துடிக்க வைக்கும் மின்துடிப்புகள் பெரும்பாலும் நுரையீரல் சிரைகள் இடது மேலறையில் வந்து சேரும் இடத்தில்தான் கிளம்புகின்றன. 1998-ல் பிரான்சின் போர்தோ மருத்துவர்கள் இதைக் காட்டினார்கள். கதீட்டர் என்ற மெல்லிய குழாயைச் செலுத்தி, அந்தச் சிரைவாய்களைச் சுற்றித் தழும்பு உண்டாக்கி மின்பாதையைத் துண்டிப்பதே கதீட்டர் அப்லேஷன். தழும்பு உண்டாக்கச் சூடா, உறைகுளிரா, மின்புலத் துடிப்பா என்பதை மருத்துவரிடம் விட்டுவிடலாம். உங்கள் பொறுப்பு, ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் மாத்திரை.

சிகிச்சைக்கு முன் குறைந்தது 3 வாரம் அதை ஒரு வேளைகூட விடாமல் சாப்பிட்டிருக்க வேண்டும். விட்டிருந்தால் மறைக்காதீர்கள். மேலறையில் ரத்தக்கட்டி இருக்கும்போது கதீட்டர் நுழைந்தால், கட்டி பெயர்ந்து மூளைக்குப் போய்ப் பக்கவாதம் வரலாம். உணவுக்குழாய் வழியே எக்கோ (ஒலி அலையால் இதயத்தைப் படம் பிடிக்கும் சோதனை) எடுத்துப் பார்ப்பது இதற்காகத்தான். கட்டி தெரிந்தால் சிகிச்சை தள்ளிப்போகும். சிகிச்சை நாளன்று காலை மாத்திரை உண்டா என்று முன்கூட்டியே கேளுங்கள்.

தொடையிடுக்குச் சிரை வழியாகத்தான் கதீட்டர் போகும். முடிந்ததும் சில மணி நேரம் காலை மடக்காமல் படுத்திருக்க வேண்டும். இருமல், தும்மல் வந்தால் துளையிட்ட இடத்தை உள்ளங்கையால் அழுத்திக்கொள்ளுங்கள். ஒரு வாரம் கனமான எதையும் தூக்க வேண்டாம். தொடையில் நீலம் பாரிப்பது சகஜம். வீக்கம் கெட்டியாகிப் பெரிதானால் சகஜமல்ல. ரத்தம் கசிந்தால் படுத்து, 10 நிமிடம் விடாமல் அழுத்துங்கள், நிற்காவிட்டால் ஆம்புலன்ஸ்.

முதல் 2, 3 மாதம் படபடப்பு திரும்ப வந்தால் மனம் தளர வேண்டாம். புண் ஆறும்வரை மேலறை எரிச்சலோடுதான் இருக்கும். நீடித்தால் அப்போதே ஈசிஜி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

அரிது, ஆனால் உயிரைப் பறிக்கக்கூடியது உணவுக்குழாய்க்கும் மேலறைக்கும் இடையே விழும் ஓட்டை. சூடு வைத்த சில வாரங்கள் கழித்துக் காய்ச்சல், விழுங்கும்போது வலி, நெஞ்சுவலி, கை கால் பலவீனம் என்று தலைகாட்டும். எந்த மருத்துவமனைக்குப் போனாலும் “அப்லேஷன் செய்திருக்கிறது” என்று முதலில் சொல்லுங்கள். இந்த ஓட்டை இருக்கும்போது எண்டோஸ்கோப்பி (உணவுக்குழாய்க்குள் குழாய் விட்டுப் பார்ப்பது) ஆபத்து, காற்று ரத்தத்தில் ஏறிவிடும். நெஞ்சுக்கு சிடி ஸ்கேன்தான் வேண்டும்.

ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் மாத்திரையைச் சிகிச்சைக்குப் பிறகு குறைந்தது 2 மாதம் தொடர வேண்டும். அதன்பிறகு தொடர்வதா என்பதை வயது, சர்க்கரை, ரத்த அழுத்தம், முன்பு வந்த பக்கவாதம் போன்றவற்றை வைத்தே முடிவு செய்வார்கள். துடிப்பு சீராகிவிட்டதே என்று நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.