எல்டன் ரிங் புதுசா ஆடுதவங்களுக்கு: எங்கன போவணும், எப்பத் திரும்பணும்

ஆனித் தேரோட்டத்துக்கு லீவு விட்ட அன்னைக்கு பாளையங்கோட்டைல இருந்து சித்தி மவன் வந்திருந்தான். தேர் பாத்துட்டு வந்து என் கம்ப்யூட்டர்ல எல்டன் ரிங்க ஆரம்பிச்சான். குகையத் தாண்டி, பெரிய கதவத் தொறந்து வெளிய வந்ததும் எதுத்தாப்புல தங்கக் கவசம் போட்டுக்கிட்டு குதிரைல ஒருத்தன் சுத்திக்கிட்டு இருப்பான்லா, அவங்கிட்ட நேரா போயி மோதிட்டான். செத்தான், திரும்பவும் மோதுனான், பொழுது சாயுத வரைக்கும் அதே வேலைதான். கடைசில "எண்ணே, மொத ஆளையே அடிக்க முடியல, இது நமக்கு ஆவாது"ன்னு கண்ட்ரோலரக் கீழ வச்சுட்டான்.

நான் சொன்னது ஒண்ணே ஒண்ணுதான். "ஏல, அவன இப்பவே அடிக்கணும்னு யாரு சொன்னா? சுத்திப் போ."

இந்தக் கேம வாங்கிட்டு மொத நாளே மூடி வச்ச நெறைய பேருக்கு இதுதான் தெரியாம போச்சு, அதனால அவனுக்குச் சொல்லிக் குடுத்தத அப்படியே வரிசையா எழுதுதேன். இதுக்கு முன்னால இந்த மாதிரி கஷ்டமான கேம் ஆடாதவங்களுக்குத்தான் இது.

ஆரம்பிக்கதுக்கு முன்னால ஒரு விஷயம்

ஃபிரம் சாஃப்ட்வேர் கம்பெனி 2009ல டீமன்ஸ் சோல்ஸ், 2011ல டார்க் சோல்ஸ்னு போட்டப்பவே கஷ்டமான கேம்னா இவங்கதான்னு பேரு வாங்கிட்டாங்க. டார்க் சோல்ஸ் உலகம் நம்ம திருநெல்வேலி டவுன் மாதிரின்னு வச்சுக்கிடுங்க. ரதவீதில இருந்து ஒரு சந்துக்குள்ள நொழைஞ்சா அது வளைஞ்சு வளைஞ்சு போவும், எங்கன போறோம்னே தெரியாது, திடீர்னு பாத்தா தெரிஞ்ச தெருவுல வந்து நிப்போம். அதுல சர்ச்சுல இருந்து ஒரு லிஃப்ட்ல எறங்குனா மொதல்ல உக்காந்த ஃபயர்லிங்க் நெருப்புக்கிட்டயே கொண்டு வந்து விடும், அத மொத தடவ பாத்தப்போ எனக்குப் புல்லரிச்சுப் போச்சு. பாதிக் கேம் வரைக்கும் ஃபாஸ்ட் டிராவலே (நெனச்ச எடத்துக்கு ஒடனே தாவுத வசதி) கெடையாது, எல்லாம் நடைதான், அதனால ஒவ்வொரு படியும் மூலையும் மனசுல பதிஞ்சு போவும். ஆனா நடுவுல ஒரு பாஸ், அதான் பெரிய எதிரி, வழிய மறிச்சுட்டான்னா, அவன அடிச்சாத்தான் அடுத்த தெரு.

எல்டன் ரிங் 2022 பிப்ரவரி 25ல வந்துச்சு. டைரக்டர் அதே ஹிடேடாகா மியாசாகிதான், ஆனா உலகம் வேற. இது நம்ம தேரிக்காடு மாதிரி. திசையன்வெள பக்கம் தேரிக்குள்ள போனவங்களுக்குத் தெரியும், செம்மண்ணும் பனையும் தவிர ஒண்ணும் கெடையாது, ரோடே இல்ல, எந்தப் பக்கம் வேணாலும் போலாம், எவனும் மறிக்க மாட்டான். ஆச்சி ஊருக்குப் போற லீவுல நாங்க தூரத்துல ஒத்தையா நிக்கித ஒரு பனையக் குறி வச்சுத்தான் நடப்போம், திரும்பி வரதுக்கும் அதே பனைதான். இந்த கேம்ல தேடிப் போறதுங்கதும் அதுதான். கண்ணுக்குத் தெரியுதத நோக்கிப் போவணும், தாக்குப் பிடிக்காட்டி வேற பக்கம் திரும்பணும். அந்தத் திரும்புததையும் சேத்துதான் இவங்க கேமையே கட்டிருக்காங்க.

படி 1: குதிரைக்காரன விடுங்க

அவன் பேரு ட்ரீ செண்டினல். ரோட்டு மேல நேரா போனா கண்டிப்பாப் பாத்துருவான், அதனால மரத்துக்கு எடையில சுத்தி வளைஞ்சு போயி சர்ச் ஆஃப் எல்லே வந்து சேருங்க. அங்கன காலேன்னு ஒரு வியாபாரி நெருப்பு போட்டு உக்காந்திருப்பான். அவங்கிட்ட கிராஃப்டிங் கிட் (பொருள் செஞ்சுக்கிடுத பெட்டி) 300 ரூன்தான், ரூன்தான் இந்த கேம்ல காசு, மொதல்ல அத வாங்குங்க. பக்கத்துல இருக்க தங்க வெளிச்சந்தான் கிரேஸ், தொட்டு உக்காந்தா ரத்தமும், ரத்தம் ஏத்துத மருந்துக் குப்பியும் நெறஞ்சிரும், செத்தா எந்திரிக்க எடமும் அதுதான். ஆனா உக்காந்து எந்திரிச்சா நீங்க அடிச்ச சாதா எதிரிக எல்லாவனும் திரும்ப வந்து நிப்பான், பாத்துக்கிடுங்க.

படி 2: குதிர கெடைக்கித வரைக்கும் வேற எதையும் யோசிக்காதீங்க

கிரேஸ்ல இருந்து ஒரு தங்கக் கோடு ஒரு பக்கமாப் பறக்கும், கவனிச்சியளா? அதுதான் கதை போற தெச. அதப் பிடிச்சு வடக்க போனா கேட்ஃபிரண்ட்னு இடிஞ்சு கெடக்க ஒரு எடம், உள்ள பட்டாளத்தான் கூட்டமா நிப்பான். பக்கத்து கிரேஸ்ல உக்காந்தா மெலினான்னு ஒரு பொண்ணு வந்து பேசும், சரின்னு சொல்லுங்க. லெவல் ஏத்துத வசதியும் டாரண்ட்ங்கித குதிரையும் அதுக்குப் பொறவுதான். குதிர வந்தப்புறம் ஒரு தடவ சர்ச் ஆஃப் எல்லேக்கே திரும்பிப் போங்க, ஒரு சூனியக்காரி நிப்பா, ஆவியக் கூப்புடுத மணியும் மூணு ஓநாயும் தருவா. தனியா மாட்டிக்கிட்ட நேரத்துல அந்த ஓநாய்க என்னைய எத்தன தடவ காப்பாத்திருக்குன்னு கணக்கே இல்ல.

படி 3: மேப்ப எடுத்துப் பாருங்க, கண்ணயும் தொறந்து பாருங்க

இதுதான் முக்கியம், பைய வாசிங்க. மத்த ஓப்பன் வேர்ல்ட் கேம் நெறையத்துல மேப்பத் தொறந்தா நூறு ஐகான் கெடக்கும், இங்கன போ, இத எடு, அத முடின்னு, நாமளும் ஆபீஸ் வேல மாதிரி ஒவ்வொண்ணா டிக் அடிச்சுக்கிட்டே போவோம். எல்டன் ரிங் மேப் மொதல்ல வெறும் மங்கலாத்தான் இருக்கும். அந்த மங்கல்லயே ரோட்டோரமா சின்னதா ஒரு தூண் மாதிரி அடையாளம் தெரியும், அங்கன போனா ஒரு கல்லு நிக்கும், மேப்புத் துண்டு அதுலதான் இருக்கு. நாம ஆரம்பிக்கித லிம்கிரேவ் பகுதியோட துண்டு கேட்ஃபிரண்ட்ல பட்டாளத்துக்கு நடுவுலயே இருக்கு, குதிரைல வெரசாப் போயி எடுத்துட்டு ஓடி வந்துரலாம், யாரையும் அடிக்கணும்னு அவசியமில்ல.

மேப்பு தொறந்தப்புறமும் எதுவும் எழுதிக் காட்ட மாட்டான், எல்லாம் வரஞ்ச படமாத்தான் இருக்கும். அதுல வட்டமா ஒரு கட்டடம், இடிஞ்ச சுவரு, பாலம், கெழக்க ஒரு காடுன்னு பாத்து நீங்களே யோசிக்கணும், இது என்னவா இருக்கும்னு. சந்தேகமான எடத்துல அஞ்சு வெளிச்சக் குறி வரைக்கும் வச்சுக்கிடலாம், வெளிய வந்து பாத்தா தூரத்துல நீலமா ஒரு தூண் மாதிரி அது நிக்கும், நான் சொன்ன ஒத்தப் பனை மாதிரியேதான். சித்தி மவன்கிட்ட நான் வச்ச கண்டிஷன் இதுதான்: யூடியூப்ப மூடு, மேட்டு மேல ஏறி நில்லு, கண்ணுல படுததுல மூணத் தேர்ந்தெடு, அங்கன குறி வை, போ. பத்து நிமிஷத்துல அவன் பேச்சே மாறிட்டு, "எண்ணே அங்கன என்னமோ மின்னுது, நான் போறேன்"னு அவனாவே கெளம்பிட்டான்.

படி 4: தப்பான எடத்துக்கு வந்துட்டோம்னு தெரிஞ்சுக்கிடுதது

பழைய டார்க் சோல்ஸ்ல ஃபயர்லிங்க் பக்கத்துலயே ஒரு சுடுகாடு, எலும்புக்கூடு ரெண்டு அடில முடிச்சு விட்டுரும், அதான் இந்தப் பக்கம் இப்ப வராதன்னு கேம் சொல்லுத பாஷ. இங்கனயும் அதே பாஷதான், எடந்தான் பெருசு. நாலு அடி அடிச்சும் எதிரியோட ரத்தம் கொஞ்சங்கூட கொறையல, அவன் ஒத்த அடில உங்களுது பாதி போச்சுன்னா, கௌரவம் பாக்காம குதிரையத் திருப்புங்க.

லிம்கிரேவ் நடுவுல இருக்க ஏரிப் பக்கம் கருகிக் கெடக்க இடிபாட்டுக்குக் கீழ ஒரு பெட்டி இருக்கு. தொறந்தா பொகை வந்து கெலிட்ங்கித பயங்கரமான எடத்துல ஒரு சொரங்கத்துக்குள்ள தூக்கிப் போட்டுரும், உள்ள இருந்து ஃபாஸ்ட் டிராவலும் ஓடாது. நான் மொத தடவ அதுல மாட்டி ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் வெளிய வர வழி தெரியாம கெடந்தேன். பயப்படாதீங்க, யாரையும் அடிக்காம கூனிக் குறுகி வாசலத் தேடுங்க. வெளிய வந்ததும் வானம் செக்கச் செவேல்னு இருக்கும், அத ஒரு நிமிஷம் நின்னு பாத்துட்டு மேப்ப எடுத்து லிம்கிரேவுக்கே வந்துருங்க. இந்த உலகம் எவ்வளவு பெருசுன்னு எனக்கு அன்னைக்குத்தான் உறச்சது.

செத்தா ரூன் செத்த எடத்துல கெடக்கும், எடுக்கதுக்குள்ள திரும்பச் செத்தா போச்சு. கொறைவா இருந்தா அது பின்னால போவாதீங்க.

படி 5: தெக்க போங்க

எல்லாரும் தங்கக் கோட்டப் பிடிச்சுக்கிட்டு நேரா ஸ்டார்ம்வெயில் கோட்டைக்குப் போயி வாசல்ல மார்கிட்ங்கித பாஸ்கிட்ட மாட்டிக்கிடுதாங்க. நீங்க அப்படியே தெக்க பாலத்தத் தாண்டி வீப்பிங் பெனின்சுலா போங்க. அங்கன மட்டும் மூணு சர்ச்சு, மூணுலயும் சேக்ரட் டியர் இருக்கு, லிம்கிரேவ் கெழக்க தேர்ட் சர்ச் ஆஃப் மாரிகால ஒண்ணு, ஆக நாலு. அது குப்பியோட சக்திய ஏத்தும். வழில தங்க நெறத்துல மின்னுத சின்ன மரத்தப் பாத்தா விடாதீங்க, கோல்டன் சீட் கெடைக்கும், அது குப்பி எண்ணிக்கைய ஏத்தும், 14 வரைக்கும் போவும். ஏரிக்கு வடக்க இருக்க சொரங்கத்துல ஸ்மிதிங் ஸ்டோன் கெடைக்கும், அத வச்சு ஆயுதத்த வலுவாக்கிக்கிடலாம். லெவல் ஏத்துனா வீகர்ல (ரத்தத்த ஏத்துதது) மொதல்ல போடுங்க.

இன்னொண்ணு, வெட்டவெளில நாலஞ்சு எதிரிக் கூட்டத்த மொத்தமா முடிச்சா குப்பி தானா நெறையும், சண்ட இல்லாத நேரம் எவ்வளவு ஓடுனாலும் ஸ்டாமினா (தெம்பு) கொறையாது. பழைய கேம்ல இது ரெண்டும் கெடையாது. நாம ஊர் சுத்தணும்னு நெனச்சுத்தான் இத வச்சிருக்காங்க, அதனால தைரியமாச் சுத்துங்க.

படி 6: கோட்டைக்கு எப்பப் போவணும்

இங்கன எனக்கு ஒரு கருத்து உண்டு, ஒத்துக்கிடாதவங்களும் இருப்பாங்க. ரொம்ப சுத்தி ரொம்ப லெவல் ஏத்திட்டுப் போனா மார்கிட் ஒண்ணுமே இல்லாமப் போயிருவான், அந்தக் கோட்டையோட ருசியும் போயிரும். ஸ்டார்ம்வெயில் உள்ளாற பழைய டார்க் சோல்ஸ் மாதிரியே சந்தும் ஏணியும் குறுக்கு வழியுமா நெஞ்சு படபடக்க வைக்கும், கேம்லயே எனக்குப் பிடிச்ச எடம் அதுதான். அதே நேரம் குகைகளும் பாதாளக் கல்லறைகளும் பத்துப் பதினஞ்சு பாத்தப்புறம் ஒண்ணு போலவே தோணும், ஒரே பாஸ் திரும்பத் திரும்ப வருவான். உலகத்தப் பெருசாக் கட்டுனதுக்குக் குடுத்த வெலை அது. எல்லாத்தையும் முடிக்கணும்னு நெனைக்காதீங்க, அலுப்புத் தட்டுனா அன்னைக்கே கோட்டைக்குக் கெளம்பிருங்க. மார்கிட் அப்பவும் முடியலயா, கோட்டைய ஒட்டி மலையோரமா ஒரு வழி இருக்கு, உள்ளயே போவாம அடுத்த நாட்டுக்குப் போயிரலாம். கதையோட மொதப் பெரிய கோட்டையவே தாண்டிப் போவ விடுதான்னா பாத்துக்கிடுங்க.

போறதுக்கு முன்னால கெழக்க மிஸ்ட்வுட் காட்டுக்குள்ள வட்டமா ஒரு கட்டடம் இருக்கும், அதுக்குள்ள லிஃப்ட் ஒண்ணு. கீழ எறங்கிக்கிட்டே இருக்கும், நிக்கவே நிக்காது. கீழ என்ன இருக்குன்னு நான் சொல்ல மாட்டேன், ராத்திரி லைட்ட அணைச்சுட்டு எறங்குங்க.

படி 7: இப்ப அந்தக் குதிரைக்காரன்கிட்ட போங்க

கால்ல நின்னு அடிக்காதீங்க, டாரண்ட் மேல இருந்தே சுத்திச் சுத்தி வந்து, அவன் வீசி முடிச்சதும் ஒரு அடி, ரெண்டு அடி, ஒடனே வெலகிருங்க. குதிர செத்தா குப்பி ஒண்ணு செலவழிச்சுத் திரும்பக் கூப்புடலாம். சித்தி மவன் அடுத்த வாரம் ஞாயித்துக்கெழம மூணாவது முயற்சில முடிச்சுட்டான், கையெல்லாம் நடுங்குதுன்னு போன் பண்ணுனான். குதிரைக்காரன் செத்ததும் போட்டுட்டுப் போற கோல்டன் ஹால்பர்ட்ங்கித ஆயுதத்தத் தூக்கதுக்கு ஸ்ட்ரெங்த் 30, டெக்ஸ்டெரிட்டி 14, ஃபெயித் 12 வேணும். இப்ப இல்லாட்டி பைல கெடக்கட்டும்.