கீரைச்சோறு தின்ற கையோடு டீ வேண்டாம்

பாம்பன் கரைக்கு விடியற்காலையில் மீன் எடுக்க வரும் அக்காக்கள் சிலருக்குக் காலைச் சாப்பாடே ஒரு டீயும் பன்னும்தான். மதியம் சோறு தின்று கை கழுவியதும் அடுத்த டீ. கூடையைத் தூக்கினால் மூச்சு வாங்குகிறது என்பார்கள். கீழ் இமையை இழுத்துப் பார்த்தால் சிவப்பே இல்லாமல் வெளுத்துக் கிடக்கும். பெரும்பாலும் இரும்புச்சத்துக் குறைவுதான். ரத்தத்துக்குச் சிவப்பு தருவது இரும்பு சேர்ந்த ஹீமோகுளோபின். பெண்களுக்கு 100 மில்லி ரத்தத்தில் அது 12 கிராமுக்குக் கீழே போனால் ரத்தசோகை, கர்ப்பிணிக்கு 11.

டீயின் துவர்ப்பு, கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்பைப் பிடித்துக்கொள்ளும், உடம்பில் ஒட்டவிடாது. சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் டீயைத் தள்ளி வையுங்கள். முருங்கைக்கீரையை வதக்கி இறக்கிய பிறகு எலுமிச்சை பிழியுங்கள். கொதிக்கும்போது பிழிந்தால் வைட்டமின் சி குறைந்துபோகும். கூடவே நெத்திலிக் குழம்பு இருந்தால் கீரையின் இரும்பு இன்னும் நன்றாக ஏறும். முள்ளோடு மென்றால் சுண்ணாம்புச்சத்தும் சேரும். எல்லா மீனையும் விற்றுவிட்டு வீட்டுக்கு வெறும் ரசம் வைக்காதீர்கள் அக்கா, ஒரு கை நெத்திலியாவது எடுத்து வையுங்கள்.

அப்புறம், ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒருமுறை ரத்தம் பார்த்துவிடுங்கள். இரும்பு மாத்திரை கொடுத்தால் அதையும் டீயோடு விழுங்க வேண்டாம்.